ஏன் என்று எழுதாமல் விட்ட ஒரு வரி

சென்ற பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். போகியன்று மாலையிலிருந்தே முகம் சரியில்லை. கரும்பை நறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தும் தொடவில்லை. "வேலை கீலை போயிடுச்சோ, கேட்டுப் பாருங்களேன்" என்று என் வீட்டம்மா காதோடு சொன்னாள். திண்ணையில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணுமில்ல தாத்தா. மூணு வாரம் உக்காந்து ஒரு மாத்தம் எழுதி அனுப்பினேன். மொத்தமே பன்னெண்டு வரி. நல்லா வேலை செய்யுது. திருப்பி அனுப்பிட்டாங்க."

"தப்பு இருந்திச்சா?"

"தப்புன்னுகூட சொல்லல. ஏன்னு கேக்கறாங்க. ஏன் இந்த மாத்தம் வேணும்னு நான் எழுதலையாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தேழு வருஷம் கோப்பு தூக்கியவன் நான். கோப்பு மேலே போவதும், ஓரத்தில் ஒரு கேள்விக்குறியோடு கீழே வருவதும்தானே எங்கள் பிழைப்பு! கம்ப்யூட்டர் உலகத்திலும் அதே கதைதானா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில்தான் அன்றிரவு பத்தரை மணி வரை எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். எனக்குப் புரிந்த மட்டில் உங்களுக்கும் சொல்கிறேன். நம் வயதுக்காரர்களுக்குப் புரியாத விஷயம் ஒன்றும் இதில் இல்லை.

கம்ப்யூட்டரின் உள்ளே 'கெர்னல்' என்று ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் ஹெட்கிளார்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலை முதலில், எது பிறகு, யாருக்கு எவ்வளவு இடம், அலமாரிச் சாவி யாரிடம் - எல்லாம் அதன் பொறுப்பு. இவள் வேலை செய்வது லினக்ஸ் கெர்னலில். 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. இன்று நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் அதில் திருத்தம் எழுதி அனுப்புகிறார்கள். அந்தந்தப் பகுதிக்கு ஒரு பராமரிப்பாளர் இருப்பார். அவர் சம்மதித்தால்தான் திருத்தம் மேலே போகும்.

ஹெட்கிளார்க் வேலை பார்த்தால் போதாது. எவ்வளவு வேலை நடக்கிறது, எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று கணக்கும் காட்ட வேண்டும் அல்லவா? கெர்னலும் காட்டுகிறது. நினைவகம் எவ்வளவு காலி, எத்தனை வேலைகள் வரிசையில் நிற்கின்றன என்று சில கோப்புகளில் எண்களாக எழுதி வைக்கும். அந்த எண்களைப் பார்த்துத்தான் வங்கியிலும் ரயில்வேயிலும் இருக்கும் கம்ப்யூட்டர்காரர்கள் இயந்திரம் நலமா என்று தெரிந்துகொள்கிறார்கள். பேத்தி கைவைத்தது அப்படிப்பட்ட ஒரு எண்ணில்தான். அதில் சில வேலைகள் எண்ணப்படாமல் விட்டுப்போகின்றன என்று கண்டுபிடித்து, அவற்றையும் சேர்த்து எண்ணும்படி மாற்றியிருக்கிறாள்.

திரும்பி வந்த கடிதத்தில் நான்கு கேள்விகள். இதனால் யாருக்கு என்ன கஷ்டம் தீர்கிறது? இந்த எண்ணை ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் என்ன ஆகும்? இதுவரை ஏன் அவற்றைச் சேர்க்கவில்லை என்று பார்த்தீர்களா? விளக்கக் குறிப்பு எங்கே?

"எல்லாம் நியாயமான கேள்வியாத்தானே இருக்கு?" என்றேன்.

"நீங்களும் அவங்க கட்சிதானா?" என்றாள்.

நான் அவர்கள் கட்சியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1962-ல் புதுச்சேரி இணைப்பு சட்டப்படி முடிந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. கொடி மாறியது, தபால் தலை மாறியது, எங்கள் வகுப்பு மாறவில்லை. அங்கே ஒரு முசியே இருந்தார். கட்டுரையில் எதையாவது அடித்துச் சொல்லிவிட்டால் போதும், சிவப்பு மையில் ஓரத்தில் 'பூர்குவா?' என்று எழுதுவார். ஏன்? அவ்வளவுதான். மதிப்பெண் பிறகு. ஒரு தடவை 'மழைக்காலம் இனிமையானது' என்று எழுதியதற்கு மூன்று 'பூர்குவா' வாங்கினேன். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும்; எனக்கே அது பொய்யென்று தெரியும்!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய 'எத்தா சிவில்' பதிவேடுகளை எடுத்துப் பார்க்கும் வேலை எனக்கு வரும். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள். நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை, பென்ஷன் என்று எதற்குப் போனாலும் அதில்தான் போய் முட்ட வேண்டும். அதில் ஒரு ஒழுங்கு உண்டு. பெயர் தப்பாகப் பதிவாகியிருந்தாலும் அடிக்க மாட்டார்கள், அழிக்க மாட்டார்கள். பக்க ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள்: இன்ன தேதியில், இன்ன நீதிமன்றத் தீர்ப்பின்படி, இந்தப் பெயரை இப்படித் திருத்திப் படிக்கவும். கீழே கையெழுத்து. நூறு வருஷம் கழித்து எடுத்துப் பார்ப்பவனுக்கும் முதலில் என்ன இருந்தது, எப்போது, எதனால் மாறியது என்று தெரியும். பிரெஞ்சு அரசாணைகளும் அப்படியே. 'வ்யூ' என்று முன் உத்தரவுகளையெல்லாம் சொல்லி, 'கொன்சிதெரான்' என்று காரணங்களைச் சொல்லி, அப்புறம்தான் உத்தரவு வரும்.

இதைச் சொன்னதும் பேத்தி மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். கெர்னல்காரர்களின் விதிமுறையும் ஏறக்குறைய அதுவேதான். திருத்தத்தோடு ஒரு விளக்கம் எழுத வேண்டும். முதலில் பிரச்சினை என்ன என்று சொல்ல வேண்டும். வேகம் கூடும் என்று சொன்னால் எவ்வளவு என்று எண்ணில் காட்ட வேண்டும். முன்பு யாரோ செய்த தவறைத் திருத்துவதாக இருந்தால், எந்தத் திருத்தத்தில் அந்தத் தவறு புகுந்தது என்று அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்தும் தலைப்பும் குறிப்பிட வேண்டும். கடைசியில் பெயர் போட்டுக் கையொப்ப வரி. அது 2004-லிருந்து நடைமுறை. வெளியார் படிக்கும் எண்ணோ கோப்போ புதிதாக வந்தால் அதற்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர், தேதி, எந்தப் பதிப்பு, யாரைக் கேட்பது, விளக்கம், யார் பயன்படுத்துகிறார்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். நிலையானது, சோதனையில் உள்ளது, வழக்கொழிந்தது, நீக்கப்பட்டது என்று நான்கு பிரிவு. எங்கள் ரெக்கார்டு ரூமே இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: வெளியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எதையும் உன் திருத்தம் கெடுக்கக் கூடாது. இதற்கு அவள் ஒரு வேடிக்கை சொன்னாள். 2011-ல் கெர்னலின் கண்காணிப்புப் பதிவுகளில் ஒரு கட்டம் பயனற்றுப் போய்விட்டது. அது அளந்த பூட்டையே எடுத்துவிட்டார்கள். இனி எதற்கு என்று கட்டத்தையும் எடுத்தார்கள். மின்சாரச் செலவைக் காட்டும் 'பவர்டாப்' என்ற நிரல் படுத்துவிட்டது. அது கட்டத்தின் பெயரைப் பார்க்காமல் 'இத்தனாவது இடத்தில் இருப்பது இது' என்று இடம் எண்ணிப் படித்துக்கொண்டிருந்ததாம். குற்றம் அந்த நிரலுடையதுதான். ஆனாலும் விட்டுக்கொடுத்தது கெர்னல். வெற்றுக் கட்டமாக அந்த இடத்தைத் திரும்ப வைத்தார்கள்.

இன்னொன்றும் காட்டினாள், அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நினைவகத்தில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள, 'காலி' என்ற வரியையும் 'தற்காலிகச் சேமிப்பு' என்ற வரியையும் கூட்டிப் பார்ப்பது வெளி நிரல்களின் வழக்கம். ஒரு காலத்தில் அது ஓரளவு சரியான கணக்கு. பிறகு அந்தச் சேமிப்பு வரிக்குள் விடுவிக்க முடியாத சங்கதிகளும் வந்து சேர்ந்துவிட்டன. கூட்டினால் தப்பு விடை. 2014-ல் ரிக் வான் ரீல் என்பவர் இதைத் திருத்தினார். எப்படி? பழைய இரண்டு வரிகளையும் தொடவேயில்லை. 'உண்மையில் கிடைக்கக்கூடியது' என்று புதிதாக ஒரு வரி சேர்த்தார். ஏன் பழைய கூட்டல் இப்போது பொருந்தாது, உள்ளே இருக்கும் சூட்சுமத்தை வெளியார் ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை என்று விளக்கமும் எழுதினார். விதிப்புத்தகத்திலும் அந்த வரிக்குப் பொருள் ஏறியது.

இதெல்லாம் கேட்கக் கேட்க உற்சாகமாகத்தான் இருந்தது. அடுத்து அவள் சொன்ன கதையில்தான் என் வாய் அடைத்துப்போயிற்று.

கம்ப்யூட்டரின் வேலைப்பளுவைக் காட்ட 'லோட் ஆவரேஜ்' என்று மூன்று எண்கள் உண்டு. கடந்த ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று சராசரி. 1970-களிலிருந்தே இருக்கும் பழைய வழக்கம். பொதுவாக, இப்போது ஓடும் வேலைகளையும் ஓடத் தயாராக வரிசையில் நிற்பவற்றையும் எண்ணுவார்கள். ஆனால் லினக்ஸ் மட்டும் தட்டிலிருந்து தகவல் வரட்டும் என்று அசையாமல் காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்து எண்ணுகிறது. அதனால் செயலி சும்மா இருக்கும்போதும் எண் உச்சிக்குப் போகலாம். பார்ப்பவர்களுக்குக் குழப்பம். ஏன் இப்படி என்று பலர் பல ஊகம் சொன்னார்கள்.

2017-ல் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் காரணத்தைத் தேடிப் போனார். இப்போதுள்ள கெர்னல் வரலாற்றுப் பதிவு 2005-லிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பழைய பிரதிகளைக் குடைந்திருக்கிறார். கடைசியில் 1993-ஆம் வருஷத்துக் கடிதக் கட்டு ஒன்றில், சுருக்கிக் கட்டிப் போட்டிருந்த மூட்டையில், அது கிடைத்தது. மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் அந்த அக்டோபரில் எழுதிய கடிதம். அதில் அவர் சொன்ன காரணம் இவ்வளவுதான்: ஓடும் வேலைகளை மட்டும் எண்ணினால், வேகமான தட்டை எடுத்துவிட்டு மெதுவான தட்டை வைத்தால் பளு எண் குறைகிறது. இயந்திரம் முன்னைவிட மெதுவாகிறது. கணக்கு மட்டும் பளு குறைந்துவிட்டது என்கிறது. இது பொருத்தமாக இல்லையே.

இருபத்து நான்கு வருஷம் கழித்துக் காரணம் கிடைத்தது. ஆனால் அதற்குள் அந்த எண்ணின் பொருளே நழுவியிருந்தது. 1993-ல் வேலைகளை அப்படி 'அசையாமல் காத்திரு' என்று நிறுத்தும் இடங்கள் கெர்னலில் 13. 2017-ல் கிட்டத்தட்ட 400. பெயர் அதேதான், தலைப்பு அதேதான். உள்ளே எண்ணப்படுவது வேறு.

"என்ன தாத்தா, தூக்கம் வருதா?" என்றாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

அந்த 1993-ஆம் வருஷத்துக் கடிதத்தை, அதற்குப் பத்து வருஷம் முன்பே நான் எழுதியிருக்க வேண்டும்.

1983. நான் ஒரு அலுவலகத்தில் பென்ஷன் சம்பந்தப்பட்ட சீட்டில் இருந்தேன். மாதம் முடிந்ததும் நிலுவைப் பட்டியல் அனுப்ப வேண்டும்: எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை முடிந்தன, எத்தனை பாக்கி. பாக்கி என்றால் எங்கள் மேசையில் இருப்பது மட்டும். வேறு அலுவலகத்துக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பவை தனிக் கட்டில் போய்விடும்; கணக்கில் வராது. ஒரு சொல்தாவின் விதவை மாதா மாதம் வருவார். கையில் மஞ்சள் பை, அதற்குள் திருமணப் பதிவின் நகல். அவருடைய மனு பதினான்கு மாதமாகப் 'பதிலுக்குக் காத்திருப்பு'. எங்கள் பட்டியலில் அவர் இல்லவே இல்லை. வெளி அலுவலகம் எவ்வளவுக்கெவ்வளவு தாமதிக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு எங்கள் நிலுவை குறைந்து, நாங்கள் நன்றாக வேலை பார்ப்பதாகத் தெரியும்!

எனக்குப் பொறுக்கவில்லை. சூப்பரிண்டெண்டெண்டிடம் சொன்னேன். "சரியாத்தான் சொல்ற. சேர்த்தே எண்ணிப் போடு" என்றார். வாய்வார்த்தை. நோட் ஷீட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். மார்ச் மாத நெருக்கடி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த மாதம் புது முறையில் பட்டியல் போட்டேன். ஏப்ரலில் என்னைக் காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள்.

என் சீட்டுக்கு ஒரு அம்மாள் வந்தார். நான் சொல்லிக் கொடுத்தபடியே எண்ணினார். ஜூனில் புதிதாக வந்த அதிகாரி, காலாண்டுக் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். முன்பு முப்பத்தெட்டு, இந்த அம்மாள் காலத்தில் தொண்ணூற்றொன்று. மெமோ போட்டார். "எனக்கு முன்னிருந்தவர் இப்படித்தான் எண்ணச் சொன்னார்" என்று பதில் எழுதினார். உத்தரவு எங்கே என்று கேள்வி வந்தது. கோப்பில் இல்லை. சூப்பரிண்டெண்டெண்டோ மே மாதமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

அந்த அம்மாள் எனக்கு இன்லேண்டில் எழுதினார். 'அண்ணே, நீங்கள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.' எனக்கு அப்போது பதவி உயர்வுப் பட்டியல் வரவேண்டிய நேரம். உத்தரவில்லாமல் பட்டியலை மாற்றினேன் என்று என் கையாலேயே எப்படி எழுதிக் கொடுப்பது என்று பயந்தேன். யோசித்தேன், யோசித்தேன், மூன்று வாரம் போய்விட்டது. பிறகு எழுதினேன், பூசி மெழுகி. அது போய்ச் சேர்வதற்குள் அவருடைய குறிப்பேட்டில் எச்சரிக்கை ஏறிவிட்டது. பட்டியலும் பழைய முறைக்கே திரும்பியது. விதவை மறுபடி கணக்கில் இல்லாமல் போனார்.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்த அம்மாளுக்கு ஒரு வருஷம் தள்ளிப்போனது. என் மகள் கல்யாணத்துக்கு வந்து எவர்சில்வர் குடம் வைத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. குடம் இன்னும் எங்கள் சமையலறையில் இருக்கிறது.

நான் செய்த மாற்றம் சரியானது. இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏன் என்று எழுதாமல் விட்டதால், நியாயமான மாற்றம் ஒரு நிரபராதியின் குற்றமாக மாறியது. இன்னொன்றும் அன்றிரவுதான் உறைத்தது. பழைய கட்டத்தில் நான் கைவைத்திருக்கவே வேண்டாம். மேசையில் உள்ளவை என்ற எண்ணை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் 'பதிலுக்குக் காத்திருப்பவை' என்று இன்னொரு கட்டம் போட்டிருந்தால், முப்பத்தெட்டு முப்பத்தெட்டாகவே இருந்திருக்கும். விதவையும் கணக்கில் வந்திருப்பார்.

மறுநாள் காலை பொங்கல் வைத்து முடித்ததும் பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்போ நானும் பழைய எண்ணை விட்டுட்டு, புதுசா ஒரு வரி சேக்கலாமா தாத்தா?"

"அது உனக்குத்தான் தெரியும். ஆனா ஏன்னு எழுதும்போது, உன் எண்ணால உண்மையில கஷ்டப்பட்ட ஒருத்தரைப் பத்தி எழுது" என்றேன்.

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். பன்னிரண்டு வரித் திருத்தம் இருபதானது. விளக்கம் நாற்பது வரி: எந்த நேரத்தில், எந்த மாதிரிச் சுமையில், பழைய எண் என்ன காட்டியது, உண்மையில் எத்தனை வேலைகள் காத்திருந்தன. அந்த வேலைகளை முதலிலேயே ஏன் விட்டார்கள் என்றும் பழைய பதிவுகளில் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்தாள். பிப்ரவரியில் போன் செய்தாள். பராமரிப்பாளர் விளக்கக் குறிப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டாராம்.

என் கோப்பு இப்போது இருக்காது. காலக்கெடு முடிந்து எப்போதோ கழித்துக் கட்டியிருப்பார்கள். ஆகவே அந்தக் குறிப்பை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பொருள்: மாதாந்திர நிலுவைப் பட்டியல், மார்ச் 1983 முதல் எண்ணும் முறையில் மாற்றம்.

காரணம்: பிற அலுவலகங்களின் பதிலுக்காகக் காத்திருக்கும் மனுக்கள் இதுவரை நிலுவையில் சேர்க்கப்படவில்லை. இதனால் தாமதம் கூடக்கூட நிலுவை குறைந்ததாகத் தெரிகிறது. மனுதாரரைப் பொறுத்தவரை அவர் மனு இன்னும் முடியவில்லை. ஆகவே அவையும் சேர்த்து எண்ணப்பட்டன. பட்டியலில் காணும் உயர்வு எண்ணும் முறையால் வந்தது. பணியில் தொய்வால் அல்ல. இந்த மாற்றத்தைச் செய்தவன் கீழே கையொப்பமிடும் நான். எனக்குப் பின் இந்த இருக்கைக்கு வந்தவருக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை.

சமர்ப்பிக்கப்படுகிறது.